இரண்டடி தூரத்துப் பந்து: 1969-இல் ஒரு விட்டுக்கொடுத்தல்



இது கொஞ்சம் நீளமான பதிவு. ஞாயிற்றுக்கிழமை காபி குடித்துக்கொண்டே பொறுமையாகப் படியுங்கள்.

போன மாதம் ஒரு கல்யாண வீட்டில் உறவுக்காரப் பையன் ஒருவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். பெங்களூரில் வேலை. அவனுடைய மேலதிகாரிகள் எல்லாம் கோல்ஃப் ஆடுகிறார்களாம், இவனையும் வரச் சொல்கிறார்களாம். "மேட்ச் பிளேன்னு ஒண்ணு சொல்றாங்க பெரியப்பா. அதுல எதிராளியோட பந்து குழிக்குள்ள போகாமலே போனதா வச்சுக்கச் சொல்லிடறாங்க. இது என்ன விளையாட்டு?" என்று கேட்டான். நான் கோல்ஃப் மட்டையைக் கையால் தொட்டதில்லை. ஆனால் அந்த விளையாட்டின் வரலாற்றைப் பல வருடமாகப் படித்து வருகிறேன். அதற்குக் காரணம் ஒரே ஒரு நாள், ஒரே ஒரு பந்து. அவனுக்குச் சொன்னதை உங்களுக்கும் எழுதுகிறேன்.

முதலில் ஆட்டத்தைப் புரிந்துகொள்வோம்.

கோல்ஃபில் மொத்தம் 18 குழிகள். இன்று தொலைக்காட்சியில் நாம் பார்க்கும் பெரும்பாலான போட்டிகள் 'ஸ்ட்ரோக் பிளே' முறையில் நடப்பவை. மொத்தம் எத்தனை முறை பந்தை அடித்தாய் என்று எண்ணுவார்கள், குறைவாக அடித்தவர் வெற்றி பெறுவார். 'மேட்ச் பிளே' அப்படியல்ல. இரண்டு பேர் நேருக்கு நேர் மோதுகிறார்கள், ஒவ்வொரு குழியும் ஒரு தனிப் போர். இந்தக் குழியில் நீ 4 அடியில் முடித்து நான் 5 அடியில் முடித்தால் குழி உனக்கு. நான் 9 அடி எடுத்தாலும் அதே ஒரு குழிதான் உனக்கு. இருவரும் சமமாக முடித்தால் அந்தக் குழி யாருக்கும் இல்லை. அடுத்த குழியில் மறுபடி புதிதாகத் தொடங்கலாம்.

மிச்சமுள்ள குழிகளைவிட முன்னிலை அதிகமாகிவிட்டால் ஆட்டம் அங்கேயே முடிந்தது. "4-க்கு 3" என்று எழுதியிருந்தால், மூன்று குழிகள் மீதமிருக்கும்போதே நான்கு குழிகள் முன்னிலை பெற்று வென்றார் என்று பொருள்.

இந்த முறைதான் மூத்தது. இன்று நம் கைக்குக் கிடைக்கும் மிகப் பழைய கோல்ஃப் விதிகள் 1744-இல் ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரை ஒட்டிய லீத் என்ற இடத்தில் எழுதப்பட்டவை. மொத்தமே 13 விதிகள்தான். குழியிலிருந்து எவருடைய பந்து தள்ளிக் கிடக்கிறதோ அவர்தான் முதலில் அடிக்க வேண்டும் என்கிறது ஒரு விதி. குழிக்கு அருகில் வந்ததும் நேர்மையாகக் குழியைப் பார்த்து அடிக்க வேண்டும், எதிராளியின் பந்தை இடிக்கப் பார்க்கக் கூடாது என்கிறது இன்னொன்று. கவனியுங்கள், முதல் 13 விதிகளிலேயே 'நேர்மை' என்ற சொல் வந்துவிட்டது. 22 பேரைப் பார்த்துக்கொள்ள நடுவர் நிற்கும் விளையாட்டு இல்லை இது. பரந்த புல்வெளியில் இரண்டு பேர் தனியாக நடந்து போகிறார்கள். புதருக்குள் கிடக்கும் பந்தை ஒருவன் காலால் லேசாகத் தள்ளிவிட்டால் பார்ப்பதற்கு ஆளில்லை. அதனால்தான் இங்கே ஒழுக்கம் அலங்காரம் இல்லை. அது இல்லாவிட்டால் ஆட்டமே இல்லை.

மேட்ச் பிளேவில் உத்தியும் வேறு. ஸ்ட்ரோக் பிளே ஆடுபவன் நஷ்டத்துக்குப் பயப்படுவான். ஒரு குழியில் செய்த பெரிய தப்பு நாள் முழுவதும் கணக்கில் நிற்கும். மேட்ச் பிளேவில் அந்தத் தப்பின் விலை ஒரு குழி மட்டுமே. ஆகவே எதிராளி நல்ல இடத்தில் பந்தை வைத்துவிட்டால் நீ துணிந்து அடிக்கலாம், இழக்க அதிகம் இல்லை. அவன் பந்து தண்ணீரில் விழுந்துவிட்டால் நீ துணியவே கூடாது. நடுப்பாதையில் பத்திரமாக அடித்து நடந்து போனால் போதும். எதிராளியின் நிலையைப் பார்த்து உன் அடியைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஆனால் அவனையே பார்த்துக்கொண்டிருந்தால் கெட்டாய். அமெரிக்காவின் பாபி ஜோன்ஸ் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். ஒவ்வொரு குழிக்கும் நிர்ணயிக்கப்பட்ட அடிகளுக்குப் 'பார்' என்று பெயர். எதிரே நிற்கும் மனிதனோடு ஆடாமல் அந்தப் 'பார்' என்ற கிழவனோடு ஆடுவதாக மனத்தில் வைத்துக்கொண்டபோதுதான் தான் மேட்ச் பிளேவில் ஜெயிக்க ஆரம்பித்ததாக அவர் சொல்வார். இதே ஜோன்ஸ்தான் 1925 அமெரிக்க ஓப்பனில், அடிக்கத் தயாராகும்போது பந்து லேசாக நகர்ந்துவிட்டது என்று தானே சொல்லித் தனக்கு ஓர் அடி அபராதம் கேட்டு வாங்கியவர். வேறு யாரும் அதைப் பார்க்கவில்லை. முடிவில் சமநிலையாகி, மறு ஆட்டத்தில் தோற்றார்.

இனி, பையன் கேட்ட கேள்வி. குழிக்கு மிக அருகில் எதிராளியின் பந்து நின்றுவிட்டால், அடுத்த அடியில் அவன் போட்டுவிடுவான் என்று கருதி, "அடிக்க வேண்டாம், போட்டதாகவே வைத்துக்கொள்" என்று சொல்லலாம். இது மேட்ச் பிளேவில் மட்டும் உள்ள உரிமை. ஒருமுறை விட்டுக்கொடுத்துவிட்டால் திரும்ப வாங்க முடியாது. பெறுகிறவரும் "வேண்டாம், நான் அடித்தே காட்டுகிறேன்" என்று மறுக்க முடியாது. கொடுத்தது கொடுத்ததுதான்.

இதிலும் தந்திரம் உண்டு. 1920-களில் கொடிகட்டிப் பறந்த வால்டர் ஹேகன், ஆட்டத்தின் தொடக்கத்தில் சின்னச் சின்னப் பந்துகளைத் தாராளமாக விட்டுக்கொடுப்பாராம். கடைசிக் குழிகளில் திடீரென்று வாய் திறக்கமாட்டாராம். அதுவரை ஒரு குறுகிய பந்தைக்கூட அடித்துப் பழகாத எதிராளிக்குக் கை நடுங்கும். அமெரிக்கப் பி.ஜி.ஏ. சாம்பியன்ஷிப் மேட்ச் பிளேவாக நடந்த அந்தக் காலத்தில் ஐந்து முறை வென்றவர் அவர். விதிப்படி இதில் தப்பு ஒன்றுமில்லை. ஆனால் கொடுப்பதையே ஆயுதமாக்குவது இது.

இப்போது 1969-க்கு வருகிறேன்.

இங்கிலாந்தில் செயின்ட் ஆல்பன்ஸ் ஊரில் சாமுவேல் ரைடர் என்று ஒரு விதை வியாபாரி இருந்தார். சின்னப் பொட்டலங்களில் ஒரு பென்னிக்கு விதை விற்றுப் பணக்காரரானவர். அவர் கொடுத்த கோப்பைக்காக 1927 முதல் பிரிட்டனும் அமெரிக்காவும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மோதின. எல்லாமே மேட்ச் பிளே. பரிசுப் பணம் கிடையாது. 1969 வரை பிரிட்டன் வென்றது 1929, 1933, 1957 ஆகிய மூன்றே முறை. 1967-இல் ஹூஸ்டனில் 23½–8½ என்று படுதோல்வி.

1969 செப்டம்பரில் போட்டி இங்கிலாந்தின் ராயல் பர்க்டேல் மைதானத்தில். இந்த முறை பிரிட்டனுக்கு ஒரு நாயகன் இருந்தான். டோனி ஜாக்லின், வயது 25. இரண்டு மாதம் முன்புதான் பிரிட்டிஷ் ஓப்பனை வென்றிருந்தார். 1951-க்குப் பிறகு ஒரு பிரிட்டிஷ்காரர் அதை வெல்வது அதுவே முதல்முறை. எதிரணியில் ஜாக் நிக்லஸ், வயது 29. ஏற்கெனவே ஏழு பெரும்பட்டங்கள் வென்றவர். ஆனால் ரைடர் கோப்பையில் அவருக்கு இதுவே முதல்முறை.

போட்டி நட்பாக நடக்கவில்லை. அமெரிக்கர்களின் பந்து புதரில் போனால் தேட உதவாதீர்கள் என்று பிரிட்டிஷ் அணித்தலைவர் எரிக் பிரவுன் தம் வீரர்களிடம் சொல்லியிருந்தார். இரண்டாம் நாள் ஓர் ஆட்டத்தில், முறை மாறி அடித்தது பற்றிக் கடுமையான வாக்குவாதம். 1744-இல் எழுதிய அதே 'யார் முதலில் அடிப்பது' விதிதான், பாருங்கள். இரண்டு நாள் முடிவில் 8–8 சமநிலை. மூன்றாம் நாள் காலை எட்டு தனியாட்டங்கள், மாலை எட்டு. காலையில் ஜாக்லின் நிக்லஸை 4-க்கு 3 என்று தோற்கடித்தார். மாலையில் அதே இருவரும் மறுபடி மோதினார்கள், அதுவும் கடைசி ஆட்டமாக.

பதினேழாவது குழிக்கு வரும்போது ஜாக்லின் ஒரு குழி பின்தங்கியிருந்தார். அங்கே மிக நீண்ட தூரத்திலிருந்து பந்தை உருட்டிக் குழியில் போட்டுச் சமன் செய்தார். கூட்டத்தின் ஆரவாரம் முன்னால் போய்க்கொண்டிருந்த ஆட்டம்வரை கேட்டது. அங்கே பதினெட்டாவது குழியில் நின்ற பிரையன் ஹக்கெட், ஜாக்லின் ஜெயித்தேவிட்டார் என்று நினைத்துக்கொண்டார். தன் பந்தைப் போட்டுவிட்டால் கோப்பை நமதே என்று எண்ணி, போட்டும் விட்டார், கண்ணீர் விட்டு அழுதார். ஆனால் அது வெற்றி இல்லை. அவர் ஆட்டம் சமநிலை, அவ்வளவுதான். மொத்தக் கணக்கு 15½–15½. மூன்று நாள், 31 ஆட்டங்கள், 24 வீரர்கள். எல்லாம் கடைசி ஆட்டத்தின் கடைசிக் குழியில் வந்து நின்றது.

அந்தக் குழியை நோக்கி நடக்கும்போது நிக்லஸ் ஜாக்லினிடம், பதற்றமாக இருக்கிறதா என்று கேட்டாராம். பயத்தில் உறைந்துபோயிருக்கிறேன் என்று ஜாக்லின் ஒத்துக்கொண்டார். எனக்கும் அப்படித்தான் என்றாராம் நிக்லஸ்.

புல்தரையில் ஜாக்லின் உருட்டிய பந்து குழிக்குச் சுமார் இரண்டடி முன்னே நின்றுவிட்டது. நிக்லஸ் உருட்டியது குழியைத் தாண்டி நாலைந்தடி போய்விட்டது. இப்போது நிக்லஸ் முறை. தவறினால் அமெரிக்கா தோற்கவே வாய்ப்பு அதிகம். அவர் போட்டுவிட்டார்.

அடுத்து ஜாக்லின். இரண்டடி தூரம்தான். வீட்டு முற்றத்தில் என்றால் கண்ணை மூடிக்கொண்டு போடலாம். ஆனால் ஒரு நாடே பார்த்துக்கொண்டிருக்கும்போது இரண்டடி என்பது இரண்டு காதம். தவறவிட்டால் பிரிட்டனின் 12 வருடக் காத்திருப்பு வீண். அந்த இளைஞனின் பெயரோடு அது வாழ்நாள் முழுவதும் ஒட்டிக்கொண்டிருக்கும்.

நிக்லஸ் குழியிலிருந்து தன் பந்தை எடுத்தார். அப்படியே குனிந்து, ஜாக்லினின் பந்து கிடந்த இடத்தைக் குறித்து வைத்திருந்த அடையாளக் காசையும் எடுத்துவிட்டார். நீ தவறவிடுவாய் என்று நான் நினைக்கவில்லை, ஆனாலும் இந்தச் சூழ்நிலையில் அதற்கு நான் இடம் கொடுக்கமாட்டேன் என்ற கருத்தில் சொல்லிக் கை நீட்டினார். 16–16. ரைடர் கோப்பை வரலாற்றில் முதல் சமநிலை.

நிராயுதபாணியாக நின்ற இராவணனை இராமன் போகச் சொன்னதைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஆனால் இது அதுவல்ல என்று எனக்குப் படுகிறது. அங்கே வென்றவன் தோற்றவன்மேல் காட்டியது கருணை. இங்கே சமமானவன் சமமானவனுக்குக் காட்டியது மரியாதை. நிக்லஸ் சொன்னதில் இரக்கம் இல்லை, உன் திறமையில் எனக்குச் சந்தேகம் இல்லை என்பதுதான் இருந்தது. இரக்கப்பட்டிருந்தால் ஜாக்லின் அதை வாழ்நாளெல்லாம் பெருமையோடு சொல்லியிருக்க மாட்டார்.

எல்லோரும் கைதட்டினார்கள் என்று நினைக்காதீர்கள். அமெரிக்க அணித்தலைவர் சாம் ஸ்னீட் மிகவும் கோபப்பட்டார். அணியில் வேறு சிலருக்கும் அதிருப்தி. அவர்கள் பக்கம் நியாயமே இல்லையா? இருக்கிறது. நிக்லஸ் தனியாளாக ஆடவில்லை. மற்ற பதினொரு பேரும் மூன்று நாள் வியர்வை சிந்தியிருக்கிறார்கள். ஜாக்லின் தவறவிட்டிருந்தால் அது முழு வெற்றி. அந்த வாய்ப்பைத் தானம் செய்ய இவருக்கு மட்டும் என்ன உரிமை? என் பணத்தை நான் தர்மம் செய்யலாம், கூட்டுக் குடும்பத்துப் பணத்தை யாரைக் கேட்டுச் செய்வது?

இன்னொன்றும் சொல்லவேண்டும். பலர் இந்தக் கதையைச் சொல்லும்போது இதை விட்டுவிடுகிறார்கள். சமநிலையானால் கோப்பை ஏற்கெனவே வைத்திருந்த அணியிடமே இருக்கும். அது அமெரிக்கா. ஆக நிக்லஸ் கோப்பையைக் கொடுக்கவில்லை. தன் பந்தைப் போட்டு அதைப் பத்திரப்படுத்திவிட்டுத்தான் ஜாக்லினின் காசை எடுத்தார். அவர் விட்டுக்கொடுத்தது 'நாங்கள் ஜெயித்தோம்' என்ற வார்த்தையை மட்டும். இதைச் சொன்னால் அவர் செயலின் மதிப்புக் குறைகிறதா? எனக்குக் குறையவில்லை, கூடுகிறது. கடமையை முதலில் முடித்தார், பெருந்தன்மையைப் பிறகு காட்டினார். வரிசை மாறவில்லை. அணிக்குச் சேர வேண்டியதை அணிக்குச் சேர்த்தாயிற்று. மிச்சமிருந்தது அடுத்தவனின் அவமானத்திலிருந்து கிடைக்கக்கூடிய ஒரு வெற்றி. அது எனக்கு வேண்டாம் என்றார்.

பின்னால் நடந்ததையும் கேளுங்கள். பிரிட்டன் தொடர்ந்து தோற்றுக்கொண்டிருந்தது. 1977-இல், ஐரோப்பா முழுவதிலிருந்தும் வீரர்களைச் சேர்த்தால்தான் போட்டி போட்டியாக இருக்கும் என்று யோசனை சொன்னவர்களில் முக்கியமானவர் இதே நிக்லஸ்தான். 1979 முதல் அது நடைமுறைக்கு வந்தது. 1983-இல் ஐரோப்பிய அணிக்கு ஜாக்லின் தலைவரானார். 1985-இல் ஐரோப்பா வென்றது. 1957-க்குப் பிறகு அமெரிக்காவுக்கு அதுவே முதல் தோல்வி. 1987-இல் போட்டி அமெரிக்காவில், ஒஹையோ மாநிலத்தில், நிக்லஸ் தாமே உருவாக்கிய மியூர்ஃபீல்ட் வில்லேஜ் மைதானத்தில். அமெரிக்கத் தலைவர் நிக்லஸ், ஐரோப்பியத் தலைவர் ஜாக்லின். ஐரோப்பா 15–13 என்று வென்றது. அமெரிக்க மண்ணில் அமெரிக்கா ரைடர் கோப்பையில் தோற்றது அதுவே முதல்முறை! அன்று விட்டுக்கொடுத்தவரின் வீட்டிலேயே வந்து ஜெயித்துவிட்டுப் போனார் பெற்றுக்கொண்டவர். நட்பு கெடவில்லை. பிற்காலத்தில் ஃபுளோரிடாவில் இருவரும் சேர்ந்து ஒரு கோல்ஃப் மைதானம் அமைத்தார்கள். அதன் பெயர் 'தி கன்செஷன்', அதாவது 'விட்டுக்கொடுத்தல்'.

எல்லோரும் இந்த வழியில் நடந்துவிடவில்லை. 1999-இல் புரூக்லைனில் அமெரிக்கர் ஜஸ்டின் லெனார்ட் பதினேழாவது குழியில் நீண்ட பந்தைப் போட்டதும், எதிராளி ஓலசாபால் அடிக்க வேண்டியது பாக்கி இருக்கும்போதே அமெரிக்க வீரர்கள் புல்தரைக்குள் ஓடிவந்து கொண்டாடினார்கள். அதே நாளில், கூட்டத்தின் ஏச்சை நாள் முழுவதும் தாங்கிய காலின் மான்ட்கோமரிக்கு, கடைசிக் குழியில் பேய்ன் ஸ்டுவர்ட் நீண்ட தூரத்துப் பந்தை விட்டுக்கொடுத்து ஆட்டத்தையே கொடுத்தார். கோப்பை அமெரிக்காவுக்கு என்று அதற்குள் முடிவாகியிருந்தது. அடுத்த மாதமே ஸ்டுவர்ட் விமான விபத்தில் இறந்துபோனார்.

பெண்களுக்கான சோல்ஹைம் கோப்பையில் 2000-ஆம் ஆண்டு, அன்னிகா சோரன்ஸ்டாம் புல்தரைக்கு வெளியிலிருந்து அடித்த பந்து குழிக்குள் விழுந்தது. அவர் முறை மாறி அடித்துவிட்டார் என்று அமெரிக்கர்கள் மறுபடி அடிக்கச் சொன்னார்கள். விதிப்படி சரி. அவரால் மறுபடி போட முடியவில்லை, அழுதுவிட்டார். 2015-இல் ஜெர்மனியில், விட்டுக்கொடுத்துவிட்டார்கள் என்று நினைத்து இளம் வீராங்கனை ஆலிசன் லீ பந்தைக் கையில் எடுத்துவிட்டார். நாங்கள் கொடுக்கவில்லை என்றார் சூசன் பெட்டர்சன். விதிப்படி அதுவும் சரி. குழி ஐரோப்பாவுக்குப் போயிற்று, ஆட்டமும் போயிற்று. ஆனால் கொதித்துப்போன அமெரிக்கர்கள் தனியாட்டங்களில் மீண்டெழுந்து கோப்பையை வென்றார்கள். பெட்டர்சன் பிறகு வருந்தி மன்னிப்புக் கேட்டார்.

விதிப்புத்தகம் நமக்கு எதைக் கேட்க உரிமை உண்டு என்று சொல்லும். அதைக் கேட்கத்தான் வேண்டுமா என்பதை அது சொல்லாது.

இவ்வளவு படித்த நான் எப்படி நடந்துகொண்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பல வருடம் முன்பு குறுவட்ட அளவிலான வாலிபால் போட்டிக்கு எட்டாம் வகுப்புப் பையன்களை அழைத்துப் போயிருந்தேன். கடைசி ஆட்டம், இரண்டு பக்கமும் சமமான புள்ளிகள். எதிரணி அடித்த பந்து வெளியே போய் விழுந்தது. நடுவர் நமக்குப் புள்ளி கொடுத்தார். வலைக்குப் பக்கத்தில் நின்ற நம் பையன் கையைத் தூக்கி, "சார், என் விரல்ல பட்டுச்சு" என்றான். புள்ளி போயிற்று. அடுத்த புள்ளியும் போயிற்று. கோப்பையும் போயிற்று. திரும்பி வரும் பேருந்தில் எல்லாப் பையன்கள் முன்னிலையிலும் அவனை நான் திட்டினேன். "உன்னை யார் கேட்டது?" என்றேன். அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அன்று நான் சாம் ஸ்னீட்.

வகுப்பில் வாய்மை பற்றிப் பாடம் நடத்திய அதே வாயால் கேட்டேன். நிக்லஸ் கொடுத்தது தன்னுடையதை. என் மாணவன் அதுகூடச் செய்யவில்லை, தனக்கு உரிமையில்லாததை வேண்டாம் என்றான், அவ்வளவுதான். அதற்கு ஆசிரியரிடமிருந்து கிடைத்தது வசவு. 1969-இன் கதையை முதன்முதலில் படித்தபோது எனக்கு ஞாபகம் வந்தது நிக்லஸின் முகம் இல்லை, அந்த ஜன்னல் பக்கம் திரும்பிய முகம்தான்.

அந்தத் தம்பி இந்தப் பதிவைப் படிப்பான் என்று நினைக்கிறேன். பெயர் சொல்லமாட்டேன், அவனுக்குத் தெரியும். அன்று நீ செய்ததுதான் சரிப்பா. நான் பேசியது தப்பு. இவ்வளவு வருடம் கழித்துச் சொல்கிறேன், மன்னித்துவிடு.

பெங்களூர்ப் பையனுக்குச் சுருக்கமாக இதைச் சொன்னேன். குறுகிய பந்தை விட்டுக்கொடுப்பதாக இருந்தால் முதல் குழியிலிருந்து கடைசிக் குழிவரை ஒரே அளவுகோல் வை. எதிராளி அடிக்கும்போது நகராதே, பேசாதே, உன் நிழல் அவன் பந்தின் பாதையில் விழாமல் நில். விட்டுக்கொடுத்தாரா இல்லையா என்று சந்தேகம் வந்தால் பந்தை எடுக்காதே, வாய்விட்டுக் கேள். போன குழியைப் போன குழியோடு விடு. உன் தப்பை நீயே முதலில் சொல். ஆட்டம் முடிந்ததும் தொப்பியைக் கழற்றிக் கைகொடு. மேலதிகாரி என்பதற்காக வேண்டுமென்றே தோற்காதே, அது விட்டுக்கொடுத்தல் இல்லை, வேறு ஏதோ.

விட்டுக்கொடுத்தவர் கெட்டுப்போவதில்லை என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். எப்போது, எதை, யாருக்கு விட்டுக்கொடுப்பது என்பதை நாம்தான் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது. இந்த வயதிலும் நான் கற்றுக்கொண்டுதான் இருக்கிறேன்.

நிக்லஸ் செய்தது சரியா, ஸ்னீட் கோபப்பட்டது சரியா? உங்கள் கருத்தைக் கீழே எழுதுங்கள். வழக்கம்போல் எழுத்துப்பிழை இருந்தால் திருத்துவேன், கோபித்துக்கொள்ளக் கூடாது.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்